லாரி ஏறின பிறகு

சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில் என் தமக்கை வீட்டு ஊஞ்சல் ஐந்து நாள் சிறையில் இருந்தது.

ஊஞ்சல் மட்டுமா? பீரோ இரண்டு, கட்டில் மூன்று, குளிர்ப்பெட்டி, மாவரைக்கும் இயந்திரம், என் தாயார் மிதித்த தையல் இயந்திரம், நான் எழுதி அக்கா பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய பத்திரிகைக் கட்டுகள் எல்லாமே கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கிடங்கில் அடைபட்டுக் கிடந்தன. எந்தக் கிடங்கு என்று யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆசாமி டெலிபோனில் மட்டும் வருவார். வரும்போதெல்லாம் வேறு வேறு எண்ணிலிருந்து வருவார். வந்து, "ஸார், பேலன்ஸ் அமௌண்ட் போட்டு விட்டீர்களானால் வண்டி உடனே புறப்பட்டுவிடும்" என்பார். குரலில் எவ்வளவு மரியாதை! நம்முடைய சாமானை நமக்கே விற்கிறவர்கள் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லி விடுகிறேன்.

என் அக்காள் கணவர், நான் மாமா என்று அழைப்பவர், ஆம்பூரில் ஒரு தோல் ஸ்தாபனத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். குடியிருப்பு வேலூர் சத்துவாச்சாரியில். தினசரி காட்பாடிக்குப் போய் ரயில் பிடித்து ஆம்பூரில் இறங்குவார். தோலைத் தரம் பிரிப்பது அவர் உத்தியோகம். அந்த வேலையைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பதனிட்டு வந்த ஆட்டுத் தோலை வெளிச்சத்துக்கு நேரே விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவை தடவுவார். பிறகு திருப்பிப் போட்டுச் சதைப்புறத்தைப் பார்ப்பார். "இங்கே உண்ணி கடித்திருக்கிறது, இது அம்மைத் தழும்பு, உரிக்கிறவன் கத்தி இங்கே வழுக்கியிருக்கிறது" என்று சொல்லி, முதல் ரகம், மூன்றாம் ரகம், கழிவு என்று ஒதுக்கிக்கொண்டே போவார். ஒரு தோலுக்குச் சில விநாடிதான். மயிர்க்கால் அளவு குறையும் அவர் விரலுக்குத் தப்பாது.

அப்பேர்ப்பட்ட மனிதர்தான், முகம் தெரியாத, விலாசம் தெரியாத, ஒரு குரலை நம்பி வீட்டையே தூக்கிக் கொடுத்துவிட்டார்!

ஓய்வு பெற்றதும் மகன் இருக்கும் கோயம்புத்தூருக்குப் போய்விடுவது என்று முடிவாயிற்று. மகன் அங்கிருந்தபடியே ஏதோ ஓர் இணையதளத்தில் "வேலூரிலிருந்து கோவைக்கு வீட்டுச் சாமான்" என்று தகப்பனாரின் எண்ணைப் பதிந்து வைத்தான். கால் மணி நேரத்துக்குள் ஏழு பேர் கூப்பிட்டார்கள். ஏழு பேரும் ஏழு விலை. உச்சம் 42,000 ரூபாய், அடி 18,500. அந்த ஏழு பேரில் ஒருவர் மட்டும், வேலூர்க்காரர், "நேரில் வந்து பார்க்காமல் விலை சொல்ல மாட்டேன்" என்றார். சொன்னபடி மறுநாள் வந்து அறை அறையாகப் பார்த்து, கட்டில் அடியில் குனிந்து பார்த்து, பரண் மேல் டார்ச் அடித்துப் பார்த்து, 34,000 என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். "கொள்ளைக்காரன்!" என்று அன்றைக்கு நாங்கள் குடும்பமாக அவரைத் திட்டினோம். நானும்தான் திட்டினேன்.

18,500 ரூபாய்க்காரருக்கு வீட்டைப் பார்க்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. "போட்டோ அனுப்புங்கள், போதும்" என்றார். 3,000 ரூபாய் முன்பணம் கைபேசியிலேயே போய்ச் சேர்ந்தது. மூடின பெட்டி வண்டி வரும் என்றார்கள். தார்ப்பாய் போட்ட திறந்த வண்டி வந்தது. நான்கு பையன்கள் இறங்கி அவசரம் அவசரமாக அட்டையைச் சுற்றி, கயிற்றைக் கட்டி, ஏற்றினார்கள். ஊஞ்சலைக் கழற்றும்போது அக்கா, "சங்கிலி பித்தளைப்பா, தனியாக் கட்டுங்க" என்றாள். கட்டினார்கள். கையெழுத்து வாங்கினார்கள். எதில் கையெழுத்து என்று மாமா பார்க்கவில்லை. வாழ்நாளெல்லாம் தோலின் இரண்டு பக்கத்தையும் திருப்பிப் பார்த்தவர், அந்தக் காகிதத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் கணக்கு வந்தது. சாமான் கன அளவு அதிகம், அதற்கு இவ்வளவு, ஜி.எஸ்.டி. இவ்வளவு, இன்ஷூரன்ஸ் இவ்வளவு, கிடங்கு வாடகை நாளொன்றுக்கு 800. தர வேண்டிய பாக்கி 15,500 என்று நாங்கள் எண்ணியிருக்க, அவர்கள் கேட்டது 41,000! பேரம் பேசி, கெஞ்சி, மிரட்டி, கடைசியில் 33,000க்கு ஊஞ்சல் விடுதலை ஆயிற்று. முன்பணத்தோடு சேர்த்தால் 36,000. நாங்கள் கொள்ளைக்காரன் என்று திட்டிய வேலூர்க்காரர் கேட்டதைவிட 2,000 கூடுதல். பித்தளைச் சங்கிலி வந்து சேரவில்லை.

இதுவரை சொன்னது எல்லார் வீட்டிலும் நடக்கிற கதை. இதை எழுதவேண்டும் என்று என்னைத் தூண்டியது அந்தக் கதை அல்ல. அதன் பிறகு உறவினர் கூட்டத்தில் நடந்த பேச்சு.

கோயம்புத்தூரில் புது வீட்டுப் பால் காய்ச்சலுக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர், காபியை ஆற்றிக்கொண்டே, "ஏமாறுகிறவன் இருக்கிற வரைக்கும் ஏமாற்றுகிறவன் இருப்பான்" என்றார். சபை முழுவதும் தலையாட்டிற்று. மாமா தலையைக் குனிந்துகொண்டார். முப்பத்தோரு வருஷம் நிமிர்ந்து நடந்த மனிதர் ஒரு வாக்கியத்தில் குனிந்துவிட்டார்.

எனக்கு அந்த வாக்கியத்தின் மேல் அன்றைக்குப் பிறந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. எவ்வளவு சௌகரியமான வாக்கியம் அது! திருடனுக்கு அதில் ஒரு குற்றமும் இல்லை. அவன் மழையைப் போல, வெயிலைப் போல, இயற்கையாக இருந்துவிட்டுப் போகிறான். அரசாங்கத்துக்கு அதில் ஒரு கடமையும் இல்லை. குற்றவாளி ஒருவன்தான், பணத்தையும் சங்கிலியையும் பறிகொடுத்தவன்! இப்படி ஒரு நியாயத்தை வழிப்பறிக்காரனே கண்டுபிடித்திருக்க மாட்டான். நம் மாதிரிப் படித்த, நடுத்தரக் குடும்பத்துப் பெரியவர்கள் கண்டுபிடித்து அவனுக்கு இனாமாகக் கொடுத்திருக்கிறோம்.

என் பங்கையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன். சிறையிருந்த மூன்றாம் நாள் மாமா எனக்குப் போன் செய்து, "போலீசுக்குப் போகலாமாப்பா?" என்று கேட்டார். நான், நாவல்களில் எத்தனையோ அநியாயங்களை எதிர்த்து எத்தனையோ கதாநாயகர்களைக் கிளப்பிவிட்ட நான், என்ன சொன்னேன் தெரியுமா? "வேண்டாம் மாமா, சிவில் விவகாரம் என்பார்கள், அலைய வைப்பார்கள், கேட்டதைக் கொடுத்து வாங்கிவிடுங்கள்" என்றேன். காகிதத்தில்தான் என் வீரம்.

பிறகு வெட்கப்பட்டுச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். படித்தபோதுதான் தெரிந்தது, நான் சொன்னது கோழைத்தனம் மாத்திரம் அல்ல, அறியாமையும்கூட.

பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்றிச் செல்கிறவனைக் கட்டுப்படுத்த நம் நாட்டில் 1865ஆம் வருஷத்திலேயே ஒரு சட்டம் இருந்தது. மாட்டு வண்டிக் காலத்துச் சட்டம். அது போய், 2007இல் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கென்று புதுச் சட்டம் இயற்றினார்கள். விதிகளோடு 2011இல் அது அமலுக்கு வந்தது. அதன்படி, கூலிக்குச் சரக்கு ஏற்றும் தொழிலைப் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் யாரும் நடத்தக்கூடாது. லாரி சொந்தமாக வைத்திருப்பவர் மட்டும் அல்ல. புக்கிங் கம்பெனி, ஏஜெண்டு, தரகர், கூரியர்காரர் எல்லாருமே அந்த வரையறைக்குள் அகப்படுகிறார்கள். "நாங்கள் வெறும் இடைத்தரகர் ஸார், லாரி வேறொருத்தருடையது" என்று கையைக் கழுவ இடமில்லை. சான்றிதழ் கொடுப்பது மாநில அல்லது வட்டாரப் போக்குவரத்து ஆணையம். பத்து வருஷம் செல்லும். தலைமை ஆபீசிலும் ஒவ்வொரு கிளையிலும் கண்ணில் படும்படி அதை மாட்டி வைக்க வேண்டும்.

வாசகர்களை ஒன்று கேட்கிறேன். ஆட்டோ ஏறினால் மீட்டரைப் பார்க்கிறீர்கள். மருந்து வாங்கினால் தேதியைப் பார்க்கிறீர்கள். உங்களில் எத்தனை பேர் சாமான் ஏற்றுகிறவரிடம், "உங்கள் பதிவுச் சான்றிதழைக் காட்டுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்? நான் கேட்டதில்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரியாதது என் குற்றம் என்று பெரியவர் சொல்லலாம். நான் ஒப்பமாட்டேன். சிகரெட்டுப் பெட்டியில் படம் போட்டு எச்சரிக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில், ரயில் நிலையத்தில், "சான்றிதழ் இல்லாதவனிடம் சாமான் கொடுக்காதே" என்று ஒரு பலகை வைக்கத் தெரியாதா? சட்டத்தைச் செய்துவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினால் அந்தச் சட்டம் யாருக்குப் பாதுகாப்பு? அலமாரிக்குத்தான்.

தண்டனையைப் பாருங்கள். சான்றிதழ் இல்லாமல் தொழில் நடத்தினால் முதல் குற்றத்துக்கு 5,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 10,000 வரை என்று அந்தச் சட்டத்தில் எழுதினார்கள். ஒரே வீட்டு ஊஞ்சலுக்கு ஐந்து நாளில் 17,500 ரூபாய் மேல்வருமானம் பார்க்கிற ஆசாமி 5,000க்கு அஞ்சுவானா? அதையும் ஒரு செலவுக் கணக்காக எழுதிக்கொண்டு அடுத்த போனை எடுப்பான்.

அமெரிக்காவிலும் இந்தத் திருட்டு ஏராளம். அங்கே இதற்குப் பெயரே பணயச் சரக்கு. ஆனால் அவர்கள் ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வீட்டுச் சாமான் கொண்டுபோகிறவன் மத்திய அரசாங்கத்தின் பதிவு எண் வாங்க வேண்டும். அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். மதிப்பீடு எழுதிக் கொடுத்து, பிறகு கணக்கு ஏறிவிட்டது என்று அவன் சொன்னாலும், மதிப்பீட்டுக்கு மேல் நூற்றுக்குப் பத்துவரை கொடுத்தால் சாமானை இறக்கியே ஆகவேண்டும். மிச்சத் தகராறைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நாம் அமெரிக்காவிடமிருந்து எதையெல்லாமோ காப்பியடிக்கிறோம். இந்த நூற்றுக்குப் பத்தை யாராவது காப்பியடித்தால் என்ன? எங்கள் மாமா 20,350 கணக்குக்கு ஊஞ்சலை மீட்டிருப்பார்.

நிற்க. எங்கள் கையில் இருந்த அந்தக் காகிதத்துக்கு வருகிறேன். மேலே பெரிய எழுத்தில் பெயர். ஊரறிந்த ஒரு பழைய கம்பெனியின் பெயரைப் போலவே இருக்கும்; ஓர் எழுத்து மட்டும் மாறும், அல்லது பின்னால் ஒரு வால் சேரும். கீழே "ஐ.பி.ஏ. அப்ரூவ்டு" என்று ஒரு முத்திரை. அதைப் பார்த்துத்தான் மாமா மயங்கினார். அரசாங்க அங்கீகாரம் என்று நினைத்துக்கொண்டார். ஐ.பி.ஏ. என்பது இந்திய வங்கிகளின் சங்கம். அரசாங்கம் அல்ல. சரக்கு அனுப்பும் வியாபாரிக்கு வங்கிகள் கடன் கொடுக்கும்போது எந்த லாரிக் கம்பெனியின் ரசீதை நம்பி வாங்கலாம் என்பதற்காக அந்தச் சங்கம் வைத்திருக்கும் பட்டியல் அது. வங்கிக்காரர் தம் பணத்துக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. உங்கள் ஊஞ்சலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தப் பட்டியலிலாவது இவர் பெயர் உண்டா என்றால், ரப்பர் முத்திரை செய்கிற கடை எந்தச் சந்தில் இல்லை?

இரண்டாவது, இன்ஷூரன்ஸ். சாமான் மதிப்பில் நூற்றுக்கு இத்தனை என்று வாங்கிக்கொள்கிறார்கள். வாங்கினது எந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போயிற்று, பாலிசி நம்பர் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு சட்டென்று வானிலையைப் பற்றித் திரும்பும். லாரிக்காரர் தம் பொறுப்பை உயர்த்திக்கொள்வதற்காகக் கூடுதல் கூலி வாங்கலாம், அது வேறு; சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. காப்பீடு என்று சொல்லி வாங்கினால் காப்பீட்டுக் கம்பெனியின் பாலிசி கைக்கு வரவேண்டும். ஏற்றுவதற்கு முன்னால் வரவேண்டும்.

மூன்றாவது, ஈ-வே பில் போட வேண்டும், அதற்கு இத்தனை ஆயிரம் என்பது. உபயோகித்த வீட்டுச் சாமான்களுக்கு ஈ-வே பில்லே வேண்டாம் என்று ஜி.எஸ்.டி. விதியிலேயே விலக்கு இருக்கிறது. கூலிக்கு வரி உண்டு. உங்கள் பழைய பீரோவுக்கு என்ன வரி? அந்தக் காகிதத்தில் போட்டிருந்த ஜி.எஸ்.டி. எண்ணைக் கோவையில் உட்கார்ந்து நானும் மருமகனும் எண்ணிப் பார்த்தோம். பதினைந்து எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பதினான்கு இருந்தது! தமிழ்நாட்டுப் பதிவென்றால் 33 என்று தொடங்க வேண்டும்; இது வேறெதிலோ தொடங்கிற்று. ஏற்றுவதற்கு முந்தின நாள் அந்தப் பதினான்கை எண்ணியிருந்தால், அல்லது அரசாங்கத்தின் ஜி.எஸ்.டி. தளத்தில் தட்டிப் பார்த்திருந்தால், இந்தக் கட்டுரையே பிறந்திராது. ஆனால் சிறிய லாரிக்காரர் சிலருக்கு அந்த எண்ணே இருக்காது. இல்லாததனால் மட்டும் அவரைத் திருடர் என்று சொல்லிவிடாதீர்கள். இருப்பதாகப் பொய் சொல்கிறவர்தான் திருடர்.

என்னை மிகவும் உறுத்தியது கடைசி விஷயம். மாமா கையெழுத்துப் போட்ட சாமான் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே "பழசு, கீறல்" என்று எழுதியிருந்தார்கள். மதிப்பு என்ற கட்டம் காலி. இது அற்ப விஷயம் அல்ல. அனுப்புகிறவர் சரக்கின் மதிப்பை எழுதிக் கொடுக்க வேண்டும். ஏற்றுகிறவர் முறையான ரசீது, தோல் கிடங்குகளில் எல்.ஆர். என்பார்களே, அது கொடுக்க வேண்டும். நஷ்டம் வந்தால் கூலியைப்போல் பத்து மடங்கு வரைக்கும், எழுதின மதிப்புக்கு மிகாமல், அவர் பொறுப்பு. 18,500 கூலிக்கு 1,85,000 வரை. அவருடைய அஜாக்கிரதையை நீங்கள் நிரூபிக்க வேண்டியதும் இல்லை. புயல், வெள்ளம், யுத்தம், கலகம் போன்ற காரணங்களை அவர்தான் காட்டித் தப்பிக்க வேண்டும். மதிப்பைக் காலியாக விட்டால்? பூஜ்யத்தின் மேல் என்ன வழக்காடுவது?

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் மாமாவுக்கு இதெல்லாம் தெரியாத சங்கதி இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, இந்தப் பாலாற்றுப் பக்கத்து ஊர்களில் காகிதம் இல்லாமல் ஒரு தோல் அசையுமா? பெரியமேட்டு மண்டிக்கு ஒரு கட்டு போனாலும் எல்.ஆர். வேண்டும். துறைமுகத்துக்குச் செருப்புப் பெட்டிகள் போகிற கண்டெய்னரில் முத்திரை வைத்து, அந்த முத்திரை எண்ணைக் காகிதத்தில் குறித்து, எண்ணிக்கை பார்த்து, கையெழுத்து வாங்கி, அதன் பிறகுதான் வண்டி கேட்டைத் தாண்டும். ஐரோப்பாவில் யாரோ ஒரு சீமாட்டி போட்டு நடக்கப் போகிற செருப்புக்கு அவ்வளவு ஜாக்கிரதை. சொந்தத் தாயார் தையல் இயந்திரத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது! முதலாளி சொத்தென்றால் பயபக்தி. சொந்தச் சொத்தென்றால் சங்கோஜம். "சந்தேகப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்களே" என்று மாமா பிற்பாடு சொன்னார். அந்தச் சங்கோஜத்தின் மேல்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

இங்கே லாரிக்காரர்களுக்கு ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். ஐந்தாம் நாள் சாமானைக் கொண்டுவந்து இறக்கிய டிரைவர் சேலத்துப் பக்கத்து மனிதர். கிருஷ்ணகிரியில் வேறு வண்டியிலிருந்து மாற்றி ஏற்றினார்களாம். அக்கா கோபத்தில் அவரைத் தாறுமாறாகப் பேசிவிட்டாள். அவர் சும்மா நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எனக்குப் பதினோராயிரம் பேசினாங்கம்மா. நாலாயிரம்தான் கைக்கு வந்துச்சு. டீசலுக்கே சரியாப் போச்சு. இப்போ அந்த நம்பர் எடுக்க மாட்டேங்குது" என்றார். எங்களிடம் பேசிய அதே ஆசாமிதான். வேறு ஓர் எண். அக்கா அவருக்குச் சோறு போட்டாள். வண்டியும் இல்லாமல், கிடங்கும் இல்லாமல், ஒரு நாற்காலிகூட இல்லாமல், இரண்டு பக்கமும் போன் பேசி இரண்டு பக்கமும் உரிக்கிறவன் ஒருவன் நடுவில் இருக்கிறான். உழைக்கிறவர் பழியைச் சுமக்கிறார்.

வேலூரில் கேட்க ஆளா இல்லை? கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு நர்சுகள் வருகிறார்கள், போகிறார்கள். பாங்கு உத்தியோகஸ்தர்கள் மாற்றலாகிறார்கள். படிப்பு முடிந்த பையன்கள் மோட்டார் சைக்கிளை ஊருக்கு அனுப்பத் தவிக்கிறார்கள். அந்தப் பையன்களுக்காவது ஒரு வழி இருக்கிறது. பெட்ரோலை வடித்துவிட்டு, ஆர்.சி. புத்தக நகலோடு காட்பாடி ஜங்ஷன் பார்சல் ஆபீசுக்குத் தள்ளிக்கொண்டு போனால், ரயில்வே ரசீது கொடுத்து ஏற்றிக்கொள்ளும். தாமதமாகலாம். காணாமல் போன ஆபீஸ் என்று ஒன்று ஆகாது. வீட்டுச் சாமான் அனுப்புகிறவர்கள் செய்ய வேண்டியதும் கிட்டத்தட்ட அதுதான்: காலால் நடந்து போய் ஒரு ஆபீசைப் பார்ப்பது. பெயர்ப்பலகை இருக்கிறதா, சுவரில் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா, பக்கத்து டீக்கடைக்காரர் "எத்தனை வருஷமா இருக்காங்க" என்ற கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்கிறாரா? ஆம்பூரிலும் வேலூரிலும் தலைமுறையாகத் தோல் ஏற்றுகிற லாரி புக்கிங் ஆபீஸ்கள் இருக்கின்றன. அழுக்குச் சுவர், உடைந்த பெஞ்சு, தோல் நாற்றம். அங்கே ஐ.எஸ்.ஓ. முத்திரையும் இல்லை, இனிமையான குரலும் இல்லை. ஆனால் நாளைக்கும் அந்தப் பெஞ்சு அங்கேயே இருக்கும்.

நேரில் வந்து பார்க்காமல் விலை சொல்கிறவன் எந்த விலையும் சொல்லலாம். ஏனென்றால் அவன் அதை நிறைவேற்றப் போவதில்லை. லாரி ஏறுவதற்கு முன் சொல்கிற விலை உங்களை மயக்க; ஏறின பிறகு சொல்வதுதான் விலை. இது ஏழு வயதுக் குழந்தைக்கும் புரியும். எங்களுக்கு 18,500 என்ற எண் காதில் விழுந்ததும் புரியாமல் போயிற்று. கத்தரிக்காய்க்குப் பேரம் பேசி ஐந்து ரூபாய் குறைத்துக்கொண்டு வருகிற சாமர்த்தியத்தை நாம் ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறோம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நான்கு ஆள் கூலி, அட்டை, கயிறு, டீசல், சுங்கச் சாவடி என்று விரல் விட்டு எண்ணினாலே அந்த 18,500 உண்மை விலையாக இருக்க முடியாது என்று தெரிந்திருக்கும். நியாயமான விலை சொன்ன வேலூர்க்காரரைக் கொள்ளைக்காரன் என்று சொன்ன நாக்கு என்னுடையது. அவர் தொழிலை நாங்களும் கொஞ்சம் கெடுத்திருக்கிறோம்.

அப்படியானால் பெரியவர் சொன்னது சரிதானே, ஏமாந்தவன் தப்புத்தானே என்று யாராவது கேட்கலாம். இல்லை. பூட்டாமல் போன வீட்டில் புகுந்தாலும் திருட்டு திருட்டுத்தான். நம்பி ஒப்படைத்த சரக்கைக் கையாடுகிற சரக்கேற்றிக்கு ஏழு வருஷம் வரை சிறை என்று, 2024 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 316ஆவது பிரிவு சொல்கிறது. அதற்கு முன் இருந்த பழைய தண்டனைச் சட்டத்திலும் இதற்குத் தனிப் பிரிவு இருந்தது. வெள்ளைக்காரன் காலத்திலேயே இதைக் குற்றம் என்று வகுத்திருக்க, நான் என் மாமாவிடம் "சிவில் விவகாரம்" என்று சொன்னேன்! நாம் சொல்லாவிட்டால் ஸ்டேஷனில் சொல்லியிருப்பார்களோ என்னவோ. சொல்லியிருந்தால் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள் கோயம்புத்தூருக்குப் போனேன். "மாமா, எழுதுவோம்" என்றேன். அவர், "போனது போகட்டும்பா, இந்த வயசுல எதுக்கு?" என்றார். சரக்கு நஷ்டத்துக்கு, புக்கிங் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் பிறகு வழக்கே போட முடியாது என்றேன். தோல் ஸ்தாபனத்துப் பழக்கம் விடுமா! கெடு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காலண்டரை எடுத்துவிட்டார். எண்ணினார். நாற்பத்தொரு நாள் பாக்கி இருந்தது.

நோட்டீசை அவரே எழுதினார். தோலுக்குக் குறை எழுதுகிற அதே பாணி. ஒரு வார்த்தை மிகை இல்லை. ஸ்பீட் போஸ்டில் அனுப்பினோம். பத்தாம் நாள் உறை திரும்பி வந்தது. "அப்படி ஒரு விலாசதார் இல்லை" என்று தபால்காரர் குறிப்பு. நான் சோர்ந்து போனேன். மாமா சோரவில்லை. அந்த உறையைப் பிரிக்காமல், கிழியாமல், பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்துக்கொண்டார். "இதுதானப்பா முதல் ரகம்" என்றார்.

2019ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டப்படி, வசிக்கிற ஊரிலேயே மாவட்ட ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். வேலூருக்கு ஓட வேண்டியதில்லை. செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. வக்கீலும் கட்டாயம் இல்லை. பணம் போன வங்கிக் கணக்கின் விவரம் கைபேசியில் இருக்கிறது; வண்டி எண்ணை எதிர்வீட்டுப் பையன் எதற்கோ படம் பிடித்து வைத்திருந்தான். முகம் இல்லாத குரலுக்கு அந்த இரண்டும்தான் முகம். மனு எழுத உட்கார்ந்தோம். கூடுதலாக வாங்கின 17,500, கீறின பீரோ, உடைந்த கண்ணாடி. எல்லாம் எழுதியாயிற்று.

கூடத்தில் ஊஞ்சல் நைலான் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் அதில் உட்காருவதில்லை. கயிறு இழுக்கிறது, ஒரு பக்கமாகச் சாய்கிறது. மாமா பேனாவை நிறுத்திக்கொண்டு உள்ளே பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, அந்தச் சங்கிலிக்கு என்ன விலை போட?"

அடுக்களையிலிருந்து அக்கா ஈரக் கையோடு வந்து நின்றாள். "எங்க அப்பா கல்யாணத்துக்குச் செஞ்சு போட்டது. அவர் எங்கிட்ட விலை சொன்னாரா?" என்றாள்.

மாமா அந்த இடத்தைக் காலியாக விடவில்லை. பென்சிலால் மெல்லியதாக ஒரு கோடு போட்டு வைத்துவிட்டு, டவுன்ஹால் பக்கம் பாத்திரக் கடைக்குப் போய்ப் பித்தளை கிலோ என்ன விலை என்று விசாரித்து வரச் சட்டையை மாட்டிக்கொண்டார்.